வலக்கைப் பக்கம் கடல்

கப்பல்காரர்கள் வைத்திருக்கும் வரைபடத்தில் கடல் நிறைந்திருக்கும், நிலம் காலியாக இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கடல் முழுக்கச் சிறு எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி பரவியிருக்கும். கரையிலோ, கப்பலில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியக்கூடியவை மட்டும்தான்: ஒரு கோபுரம், ஒரு மாதா கோயில், தனித்த ஒரு குன்று, ஒரு கலங்கரை விளக்கு. அதற்கு உள்ளே வெறும் வெள்ளை. ஆறு கடலில் விழும் இடம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பது இருக்காது.

நான் பூகோளத்தில் பட்டம் வாங்கி, ஓசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன். நிலம் நிறைந்து, கடல் ஒரே நீலப் பூச்சாக இருக்கும் படங்களே எனக்குத் தெரியும். கடல் வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தது கல்யாணமான வாரத்தில், என் மனைவி தன் தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான். சேலைகளுக்கு அடியில் சுருட்டி, பழைய வேட்டித் துணியில் கட்டி வைத்திருந்தாள். ஒன்றை விரித்துப் பிடித்தேன்.

"பூகோள வாத்தியாருன்னு சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாவ. படத்தத் தலகீழாப் பிடிக்கியளே" என்றாள்.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. ஓசூரில் அப்போது தொழிற்சாலைகள் இல்லை. வரப்போகின்றன என்ற பேச்சு மட்டும் பேருந்து நிலையத்து டீக்கடையில் இருந்தது. ராகிக் கொல்லைகளில் அளவுக்கல் நடுவதைப் பார்த்ததாக யாராவது சொல்வார்கள். ஊர் முழுக்கக் குளிர். ஐப்பசி பிறந்தால் விடிந்து வெகுநேரம்வரை மூடுபனி கிடக்கும். எங்கள் பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவள். இரண்டு ஊரிலும் பங்குச் சாமியாராக இருந்த ஒருவர் முடித்துவைத்த சம்பந்தம். அவளுடைய அப்பா கலங்கரை விளக்கில் வேலை பார்த்தார். ஒரு விளக்கில் சில வருஷம், பிறகு மாற்றல், அடுத்த விளக்கு. தெற்கே தொடங்கி, கோடியக்கரை, நாகப்பட்டினம் என்று கிழக்குக் கரை நெடுக ஏறி, பழவேற்காடு வரை போய், கடைசியில் தெற்கேயே திரும்பிவிட்டார். தாயில்லாத ஒரே மகளும் கூடவே போனாள்.

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சார்ட் என்று அவர்கள் சொல்லும் இந்த வரைபடத்துக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டால் பழையதன் மூலையில் ரத்து முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவார்கள். கஞ்சி போட்ட காடாத் துணி போலக் கனமான தாள். விளக்கில் வேலை பார்ப்பவர்கள் அதை வாங்கிவந்து அலமாரித் தட்டில் விரிப்பார்கள். இவளுடைய அப்பா கொண்டுவந்த சார்ட்டுகளில் ஒன்றுகூட அலமாரிக்குப் போகவில்லை. நிலத்தில் அத்தனை வெள்ளை சும்மா கிடக்கிறதே என்று இவள் அதில் படம் எழுதத் தொடங்கினாள்.

சார்ட்டில் விளக்கின் சிறு குறி எங்கே இருக்கிறதோ, அதன் பக்கத்து வெள்ளையில் அந்த விளக்கைப் பெரிதாக வரைவாள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உடை. ஒன்றுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், ஒன்று தலை மட்டும் சிவந்தது, ஒன்று மேலே போகப்போக மெலிந்து கடைசியில் ஒரு பெண் குடம் வைத்திருப்பதுபோல் கண்ணாடி அறையைத் தூக்கி நிற்பது. வெள்ளைக்கு அவள் சாயம் போடுவதில்லை. தாளையே அப்படியே விட்டுவிடுவாள். கறுப்புக்குச் சிம்னியில் படிந்த கரி. மற்றச் சாயங்களை நான் பெங்களூர் போய் வாங்கிவந்து கொடுப்பேன்.

ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குக் கரையோரமாகவே ஓர் ஒற்றையடிப் பாதை போகும். தாழைப் புதருக்கும் தேரி மணலுக்கும் நடுவே, பனங்காட்டு ஓரமாக, சில இடத்தில் பாறையின் விளிம்பில். நடந்து பார்த்தால் அது தொடர்ச்சியாக இருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அவள் படத்தில் அறுபடாமல் போகும். ஒரு சார்ட்டின் மேல்விளிம்பில் எங்கே வெளியேறுகிறதோ, அடுத்த சார்ட்டின் கீழ்விளிம்பில் அங்கேயே நுழையும். அந்தப் பாதைக்கு எந்தச் சாயமும் அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது. ஓசூர் வந்த பிறகு, எங்கள் வீட்டுக் கொல்லைச் செம்மண்ணைச் சலித்து, வேலம்பிசினில் குழைத்துப் பூசினாள். காய்ந்ததும் பாதை தாளிலிருந்து சற்று எழும்பி நின்றது. வீட்டில் செம்மண்ணும் பிசினுமாக ஒரு வாசனை எப்போதும் இருந்தது. இன்றும் புதுமழையில் அந்த வாசனை வந்தால் எனக்கு உப்புக் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு சார்ட்டை விரித்துவிட்டுக் கேட்டாள்: "இதுல ஓசூர் எங்கங்க?"

நான் அளவுகோலை எடுத்து அட்சரேகையைப் பிடித்து மேற்கே நகர்ந்தேன். தாள் முடிந்துவிட்டது. அளவுகோலை மேசைப் பலகைமேல் நீட்டி, அதற்கும் அப்பால், பலகையின் விளிம்புக்குச் சற்று முன்னால் விரலை வைத்தேன். "இங்க."

அவள் சாக்கட்டியால் அங்கே ஒரு புள்ளி வைத்தாள். "நாம தாளுக்கு வெளிய குடியிருக்கோம். அதான் ஒரு விளக்கும் நமக்குத் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அங்கே தூக்கம் பிடிக்காமல் இருந்தது உண்மை. பிறந்ததிலிருந்து சுவரில் வெளிச்சம் வந்து, போய், வந்து, போய்த்தான் தூங்கிப் பழக்கம்.

"மலைக்கோயில் உச்சியில ஒரு விளக்கு வரைஞ்சுடேன், நமக்காக" என்றேன் ஒருமுறை.

"இல்லாத விளக்க வரையக் கூடாதுங்க. அத நம்பி ஒருத்தன் வருவான்."

தான் குடியிருந்த விளக்கைத் தவிர வேறொன்றை அவள் வரைந்ததே இல்லை.

ஓசூர் ஏரிக்கரைக்கு அதிகாலையில் நடக்கப் போவோம். மூடுபனியில் அக்கரை இருக்காது. கரைமேல் மண்பாதை, ஒரு பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் ஒன்றுமில்லை. எங்கோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருக்கும். அவள் அங்கேயே நின்றுவிடுவாள். "இப்படி நின்னா கடல்னே நெனச்சிக்கிடலாம். அலைதான் இல்ல." அந்தப் பனிக்குள்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இரண்டு மரத்துக்கு இடையே கயிறு கட்டி, மரம் மரமாக, கரை நெடுகச் சார்ட்டுகளைத் தொங்கவிட வேண்டும். தெற்கிலிருந்து வடக்காக, வரிசையாக. பாதை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடவேண்டும். கிழக்குக் கரையில் வடக்கே நடந்தால் கடல் வலக்கைப் பக்கம். அதனால் ஏரித் தண்ணீரும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்கவேண்டும். அப்படி அவளுடைய அப்பாவை ஒருமுறை நடத்திக் கூட்டிப் போகவேண்டும். தான் காத்த விளக்கு அத்தனையையும் அவர் ஒரே நடையில் பார்த்துவிடுவார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிவந்தது. நேரே தெரியும், பக்கத்தில் தெரியாது. முந்தின கோடையில் நாங்கள் அவரிடம் போனபோது, பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிட்டுவிட்டு, "பூனையா?" என்று கேட்டார். பூனை என்று நான் சொன்னேன். அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து ராப்பகலாக வரைந்தாள். கல்யாணத்துக்கு முன் எழுதியவற்றையும் எடுத்துத் திருத்தினாள். சேலைத் துண்டில் வளையங்கள் தைத்துச் சார்ட்டுகளின் மேல்விளிம்பில் ஒட்டினாள். ஐப்பசி தொடங்கும்போது எல்லாம் தயார். அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவேண்டியதுதான் பாக்கி.

என் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதுவரை சொன்னது அவளுடையது.

எங்கள் தலைமையாசிரியர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பள்ளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இந்தப் படங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், இதப் போயி பொட்டியில வெச்சிருக்கீங்க? இன்ஸ்பெக்சன் வருது. பூகோள ரூம்ல இத மாட்டுனம்னா மனுசன் அந்த ரூம விட்டு வெளிய வரமாட்டாரு. கணக்கு நோட்டு ஒண்ணும் பாக்கமாட்டாரு. ஸ்கூலு பொழச்சிக்கும்."

"அது எங்க வீட்டுல..."

"உங்க வீட்டம்மாவ நான் கேக்கட்டா, நீங்க கேக்கிறீங்களா? உதவித் தலைமையாசிரியர் இடம் காலியா கெடக்குது, மறந்துடாதீங்க."

நான் கேட்டேன். "அப்பா வர்றாங்கன்னு சொன்ன அன்னைக்கே எடுத்துக் கொடுத்திரணும்" என்றாள். சரி என்றேன். சார்ட்டுகள் பள்ளிக்கூடச் சுவருக்குப் போயின. இன்ஸ்பெக்டர் வருவது கார்த்திகைக்குத் தள்ளிப்போயிற்று.

அதற்கு நடுவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்காக நான் சென்னை போனேன். ஒரு மாலை நான் தங்கியிருந்த விடுதி வாசலில் என் மாமனார் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. கண்ணாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார், மகள் பயந்துவிடுவாள் என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. நான் சென்னையில் இருப்பதை அவள் எழுதியிருந்ததால் தேடி வந்துவிட்டார்.

நடந்துபோய் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லியைப் பிய்க்குமுன் விரலால் இலையைச் சுற்றித் தடவி, எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னார் மாமா?"

"குழாய்க்குள்ளால பாக்குத மாதிரி இருக்கு மாப்ளே. குழாய் சின்னதாகிட்டே வருதுன்னு சொன்னேன். அது அடைஞ்சிரும்னாரு. எப்பன்னு கேட்டேன். சீக்கிரம்னாரு." ஏதோ ரயில் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "மாத்துத் துணி எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு வாரம் லீவு இருக்கு. உங்ககூடவே வந்திரட்டா? பிள்ள என்னமோ படமெல்லாம் எழுதி வச்சிருக்காளாமே."

சார்ட்டுகள் பள்ளிக்கூடச் சுவரில் இருந்தன. இவரைக் கூட்டிப்போனால் அன்றைக்கே கழற்றவேண்டும். தலைமையாசிரியரின் முகமும் காலியாகக் கிடந்த அந்த நாற்காலியும் எனக்குத் தெரிந்தன. மாமனார் சொன்ன "சீக்கிரம்" என்ற வார்த்தையும் என் காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது.

"இப்ப அங்க ஒரே மூடுபனி மாமா" என்றேன். "பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. பொங்கல் கழிஞ்சு வாங்களேன். வெயில் வந்துடும், நல்லாப் பாக்கலாம்."

பையின் வாய்க்கயிற்றை இழுத்து முடிந்தார். "நெசந்தான். பனியில விளக்கே தெரியாது, படமா தெரியப் போவுது?" என்று சிரித்தார். எழும்பூரில் நானே அவரைத் தெற்கே போகும் வண்டியில் ஏற்றிவிட்டேன். படியில் ஏறும்போது ஒருமுறை கால் தவறிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவரைப் பார்த்ததையே சொல்லவில்லை. சொன்னால் ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்பாளே.

இன்ஸ்பெக்டர் கார்த்திகையிலும் வரவில்லை, மார்கழிக் கடைசியில் வந்தார். கணக்கு நோட்டுகளைப் பார்த்தார், பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். பூகோள அறையின் கதவு திறந்தே இருந்தது. அவர் அந்தப் பக்கமே வரவில்லை. உதவித் தலைமையாசிரியர் இடம் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவருக்குப் போயிற்று. சார்ட்டுகள் வீடு திரும்பின.

மாமனார் தை கடைசியில் வந்தார். சாமல்பட்டி ரயில் நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். நல்ல வெயில். நிலையத்துக்கு வெளியே நிலக்கடலைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. வண்டி நின்றதும் அவள் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். கடைசிக்கு முந்தின பெட்டியின் வாசலில் அவர் நின்றிருந்தார். ஒருவர் அவருடைய பையைக் கீழே வைத்தார். அவர் வலது காலால் படியைத் தேடினார். படி எதிரே, நல்ல வெளிச்சத்தில் இருந்தது.

"யப்பா" என்றாள்.

அவர் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. கண் எங்களுக்கு நடுவே, எங்களைத் தாண்டி, எங்கோ நின்றது. "பிள்ளையா? வெயில் உறைக்குதே. மாப்ள சொன்னாப்ல வெயில் வந்திட்டு" என்றார்.

ஓசூர் வரும்வரை பஸ்ஸில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் பின் சீட்டில் பையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அவள் சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பியபோது நான் தடுத்தேன். "எதுக்கு இப்ப..."

"வந்திருக்காங்கல்ல" என்றாள்.

நான் மரத்துக்கு மரம் கயிறு கட்டினேன். அவள் வரிசை பார்த்து மாட்டினாள். அன்றைக்கு, தை முடியப்போகும் காலத்தில், எங்கிருந்தோ கொஞ்சம் பனி மிச்சமிருந்து ஏரிமேல் இறங்கியிருந்தது. அக்கரை இல்லை. மலைக்கோயில் இல்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகச் சார்ட்டுகள் தொங்கின. கறுப்புப் பட்டைகளும் சிவப்புத் தலைகளும் மட்டும் காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. கீரைக்கூடையோடு போன ஒரு பெண் நின்று, "இதேனம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள். அவள் கூட வந்தவள் தெலுங்கில், "சமுத்ரமே" என்றாள். "நீ சமுத்ரத்தப் பாத்தவ?" என்று முதலாமவள் தமிழில் இடித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் பனிக்குள் போய்விட்டார்கள்.

மாமனார் மகளின் தோளில் கை வைத்து வந்தார். கரையின் தொடக்கத்தில் நின்று மூச்சை இழுத்தார். "தண்ணி எந்தக் கையில?"

"வலக்கையிலப்பா."

"அப்பச் சரி. வடக்கப் போறோம்."

முதல் சார்ட்டின் எதிரே அவரை நிறுத்தி, அவருடைய விரலைப் பிடித்துப் பாதையின் தொடக்கத்தில் வைத்தாள். செம்மண் பாதை சொரசொரப்பாக இருந்தது. விரல் நின்றது. பிறகு தானாக நகர்ந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இது தாழங்காடு... இங்க திரும்பும்... ஆமா, இங்க பாறை, சுத்திப் போவணும்." விரல் போக, அவரும் நடந்தார். ஒரு சார்ட் முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில் விரல் காற்றிலேயே போய், அடுத்ததின் விளிம்பைத் தொட்டு, பாதையைத் திரும்பக் கண்டுபிடித்தது. மெல்லிய பனி அவருடைய வெள்ளைச் சட்டையில் படிந்திருந்தது. அந்த நேரம் அது ஓசூர் இல்லை. மூன்று பேர் ஒரு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. தண்ணீரில் எருமை மூழ்கி எழுந்த சத்தம்கூட அலையாகக் கேட்டது.

பட்டை போட்ட விளக்கு இருந்த சார்ட்டில் அவர் நின்றார். "விளக்கு எங்கம்மா? இங்கதான இருக்கணும்?"

அவள் விரலை எடுத்து விளக்கின்மேல் வைத்தாள். சாயம் தண்ணீரில் கரைத்துப் பூசியது. தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தது. அவர் மேலும் கீழும் தடவினார். திரும்பவும் தடவினார்.

"ஒண்ணும் தட்டுப்படலியே பிள்ள."

"வழவழன்னுதாம்ப்பா இருக்கும். சாயம்."

"சரி, சொல்லு. எத்தன பட்ட போட்டிருக்க?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஏரிப்பக்கம் திரும்பிவிட்டாள்.

அவரும் பதறிவிட்டார் போலிருக்கிறது. சமாதானமாக ஏதோ சொல்ல நினைத்து, "மெட்ராஸ் டாக்டரும் ஐப்பசியிலேயே சொல்லத்தான் செஞ்சாரு, கையில ஒண்ணுமில்லன்னு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

அவள் திரும்பினாள். "ஐப்பசியில மெட்ராஸ் வந்தியளா?"

"ஆஸ்பத்திரிக்கு. சும்மா."

"அப்பத் தெரிஞ்சிச்சா கண்ணு?"

"கொஞ்சம்."

"மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டு, ஒரு எட்டு இங்க வந்துட்டுப் போனா என்ன?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் ஐப்பசியிலதான மெட்ராஸ்ல இருந்திய?"

கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. முடிச்சுத் தளர்ந்திருந்ததால் பிடித்திருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிட்டார்.

"மெட்ராசு என்ன நம்ம வீட்டு முற்றமா, ரெண்டு பேரும் முட்டிக்கிட? மாப்ளைக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் விளக்க விட்டுட்டு வர மனசில்ல. பொறவு போலாம்னு இருந்துட்டேன்."

"உங்களுக்கு எப்பவும் விளக்குதான்" என்றாள். அதுவரை அவள் அப்பாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "அம்மா சாகும்போதும் விளக்குதான். இப்பவும் விளக்குதான்."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். நான் தளர்ந்த முடிச்சை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினேன். அதைக் கட்டி முடிப்பதற்குள் அந்த வார்த்தைக்கான நேரம் போய்விட்டது.

மிச்சச் சார்ட்டுகளை அவர் பார்க்கவில்லை, அதாவது, தொடவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு விளக்குக்கூட வரைந்ததில்லை.

மாமனாருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் எங்களோடேயே கடைசிவரை இருந்தார். விடிந்ததும் தட்டுத் தடவிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். விளக்கு அறையில் பகலில் திரையை மூடியே வைக்கவேண்டுமாம்; இல்லாவிட்டால் வெயில் அந்தப் பெரிய கண்ணாடிகளில் பட்டு ஒரே இடத்தில் குவிந்து தீப்பற்றிக்கொள்ளும். ஆயுசு முழுக்கச் செய்த கை, ஓசூரிலும் செய்தது. அவள் போய்த் திறப்பாள். "இங்க என்ன இருக்கு தீப்பிடிக்க? மூட வேண்டியத மூடுங்க, பாக்க வேண்டியதப் பாக்காம விட்டாச்சு" என்பாள். ஒவ்வொரு நாளும் அதே சொல் இல்லை. ஆனால் ஏதாவது ஒன்று இருக்கும். வேளைக்குச் சோறு, வெந்நீர், துவைத்த துணி எல்லாம் சரியாக நடக்கும். அன்பு இருந்தது. அதன் அடியில் ஒரு முள்ளும் இருந்தது. அந்த முள் தைக்கவேண்டிய இடம் வேறு என்று வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனபோது சொன்னேன். "மாமா, நான் அவகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"எந்த உண்மைய?"

"உங்களுக்குத் தெரியும்."

கொஞ்ச தூரம் நடந்தார். "சொன்னா கோவம் உங்க மேல திரும்பும். நீங்க ரெண்டு பேரும் இன்னும் எவ்வளவு காலம் சேந்து இருக்கணும். நான் போறவன். எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும் மாப்ளே."

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அவர் சொல்லி வாய் மூடுமுன் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது சென்னை ஓட்டலில் நான் சொன்ன பொய்க்காகக்கூட இல்லை, இந்த நிம்மதிக்காகத்தான். மேலுக்கு, "அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றேன். அவர் சிரித்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கைகால் கழுவிவிட்டு அவள் சொன்னாள்: "கடசிவரைக்கும் எம் படத்த அவிய பாக்கவே இல்ல. வரணும்னு நெனச்சிருந்தா வந்திருக்கலாம்." நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஓர் ஆயுட்காலம் போய்விட்டது. அளவுக்கல் நட்ட ராகிக் கொல்லைகளில் தொழிற்சாலைகள் எழும்பின. ஏரிக்கரையை ஒட்டி இப்போது கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகின்றன. அந்த வெளிச்சம் எங்கள் படுக்கையறைச் சுவரில் வந்து, போய், வந்து, போய்க்கொண்டிருக்கிறது. அவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். சார்ட்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், பிள்ளைகளை வளர்த்தோம், கோடைக்குக் கடற்கரைக்குப் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறை கரையோரமாக நடக்கும்போதும் தண்ணீர் எந்தக் கையில் இருக்கிறது என்று நான் பார்ப்பேன். வலக்கையில் இருந்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் அவள் பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிட்டாள். பெங்களூரில் டாக்டரிடம் காட்டினோம். அப்பாவுக்கு இருந்ததுதான், ரத்தத்தில் வருவது என்றார். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அந்தக் காலம் மாதிரி இல்லை, தள்ளிப்போடலாம் என்றார். தள்ளிப்போடலாம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

எதிரே நேராக இருப்பது அவளுக்கு இன்னும் தெரிகிறது. காலையில் பழைய சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான் பேப்பர் வாசிப்பேன். சற்று விலகி உட்கார்ந்தால், "எங்க போய்ட்டிய?" என்பாள். நான் நகர்ந்து நடுவுக்கு வருவேன். பலகையின் விளிம்புக்குச் சற்று முன்னால், அவள் சாக்கட்டியால் புள்ளி வைத்த இடம். புள்ளி என்றோ அழிந்துவிட்டது. இடம் எனக்குத் தெரியும்.

நாளைக் காலை பேப்பருக்குப் பதிலாக இதை வாசிக்கப்போகிறேன். அவளுடைய கோபம் இத்தனை வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது எப்படி இருந்தாலும், வாசிக்கும்போது என் முகம் அவளுக்குத் தெரியவேண்டும். நடுவில்தான் உட்காருவேன். இது மார்கழி. விடிந்தால் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இருக்கும். இருக்கட்டும்.